சுகாசினியின் மூன்று நாடாக்கள்

“ஒண்ணு... ஒண்ணரை... ரெண்டு. இப்ப வா!”

சுகாசினி திரையைப் பார்த்து அதட்டிய மறுகணம், இடது ஓரத்திலிருந்து ஒரு குத்துவிளக்கு நகர்ந்து வந்து நடுவில் நின்றது. ஐந்து முகங்களிலும் சுடர் ஒவ்வொன்றாக முளைத்தது. அவள் உதட்டைச் சுழித்தாள். “மூணாவது முந்திக்கினு வருது பாரு, அவசரக்குடுக்க” என்று அந்தச் சுடரைத் திட்டிவிட்டு, அதற்கு மட்டும் கால் நொடி தாமதம் கொடுத்தாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி வாய்விட்டு எண்ணினாள். பதினோராவது தடவை ஐந்து சுடர்களும் அவள் நினைத்த வரிசையில் ஏறின. நாற்காலியில் சாய்ந்து, யாரோ கைதட்டுவதற்கு இடம் விடுவது போல இரண்டு நொடி சும்மா இருந்தாள். பிறகு அடுத்த வேலையை எடுத்தாள்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒரு பட்டுக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது ராஜகோபாலின் கேபிள் சேனல். மொட்டைமாடியில் ஐந்து டிஷ் ஆன்டெனாக்கள். அவற்றில் உட்கார்ந்து வெயில் காயும் குரங்குகள். குரங்குகளை விரட்டப் பழைய பிளாஸ்டிக் குழாய் ஒன்றுடன் அலையும் கேமராமேன் சத்யராஜ். மாடிப்படி முடியும் இடத்தில் ஓர் அறை. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு வீடியோ டெக், ஒரு டேபிள் ஃபேன், இருபத்தாறு வயது சுகாசினி. ‘எங்க கிராபிக்ஸ் டிபார்ட்மென்ட்’ என்று ராஜகோபால் விளம்பரம் கொடுப்பவர்களிடம் சொல்வது இவ்வளவையும் சேர்த்துத்தான்.

பெரிய ஸ்டுடியோக்களில் படங்களை அசையவைக்கத் தனி மென்பொருள்கள் உண்டு. சுகாசினியிடம் இருப்பது பவர்பாயிண்ட். ஆபீஸ் கூட்டங்களில் விற்பனை ஏறியதையும் இறங்கியதையும் வண்ணக் கட்டைகளாக நிறுத்திக் காட்டுவார்களே, அதே பவர்பாயிண்ட். அதை வைத்துக்கொண்டு அவள் மழை பெய்ய வைப்பாள். நாற்பது சாய்ந்த கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பாதை, ஒரு தாமதம். பொற்காசைச் சுழற்றுவாள். மஞ்சள் வட்டத்தைக் குறுக்குவாட்டில் நசுக்கி நசுக்கி விரித்தால் காசு சுற்றுவது போலவே இருக்கும். போன பொங்கல் வாழ்த்தில், மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலை ஓடவிட்டாள். மூன்று நீல வளைவுகள் மூன்று பக்கத்திலிருந்து நீண்டு வந்து கலக்க, பின்னால் கோயில் மெல்லத் தெளிந்து வந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து, “ஆத்துல இவ்ளோ தண்ணி பார்த்து வருசக்கணக்காவுதும்மா, இன்னொரு தபா போடேன்” என்று கேட்டார். போட்டாள்.

அப்பா வீராசாமி பெரிய காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா லில்லிக்கு ஒரு நர்சரிப் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சுகாசினி பிளஸ் டூவையும் மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பையும் முடித்துவிட்டு, திரைக்கு அடியில் ஓடும் வரிகளைத் தட்டச்சு செய்யத்தான் இங்கே வந்தாள். வாடகைக்கு வீடு, கண்ணீர் அஞ்சலி, நாளை குடிநீர் வராது. சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு குழந்தையின் பிறந்தநாள் வாழ்த்தில் மல்லிகைப்பூ படம் ஒன்றை வைக்கப் போனவள், தெரியாமல் வேறெதையோ தட்டிவிட்டாள். பூ மேலிருந்து உதிர்ந்தது.

“தப்பாத் தட்டிட்டேன்பா. அது பாட்டுக்கு உதுருது. அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறே எறங்கல” என்று இப்போதும் சொல்வாள்.

அதிலிருந்து அவள் கண்ணுக்கு ஊரில் எதுவும் சும்மா நகர்வதில்லை. அப்பாவின் ஆட்டோவில் போகும்போது தேர் திரும்புவதைப் பார்த்தால், “நல்லாப் பாருப்பா, முதல்ல வடம்தான் அசையுது. ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் சக்கரம் அசையுது” என்பாள். கோயில் வாசலில் புறா எழும்பினால் எந்தப் புறா முதலில், எது பிறகு என்று விரல் விட்டு எண்ணுவாள். “எல்லாத்துக்கும் ஒரு டிலே இருக்குது. அதக் கண்டுபுடிச்சிட்டா போதும், எதையும் ஓட்டிடலாம்” என்பது அவள் சித்தாந்தம். சத்யராஜ் வேலைக்குத் தாமதமாக வந்தாலும் இதையே அவளிடம் திருப்பிச் சொல்லித் தப்பித்துவிடுவான்.

இந்த வருடம், 2004 ஆடி மாதத்தில், அந்தச் சித்தாந்தத்துக்கு ஒரு சோதனை வந்தது.

ஊரில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பொன்விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சங்கத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஸ்டுடியோக்காரர் ராம்ப்ரஸாத் வந்திருந்தார். எடுத்த டேப்புகளைப் போட்டுப் பார்க்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ராஜகோபால் தன் மூன்றாவது மாடியைக் காட்டினார். அங்கே சுகாசினி ஒரு வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ராம்ப்ரஸாத் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“பவர்பாயிண்ட்லயா பண்றே?” என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே வேடிக்கையாக இருந்தது அவருக்கு. “அது மீட்டிங்ல காட்றதும்மா. இதப் போயி அனிமேஷன்னு சொன்னா ஃபீல்டுல சிரிப்பாங்க.”

சிரித்தவர் கிளம்பிப் போய்விட்டார். சிரிப்பு ராஜகோபாலிடம் தங்கிவிட்டது. இத்தனை நாள் பெருமையாகத் தெரிந்தது அவருக்குத் திடீரென்று கூச்சமாகத் தெரிந்தது. ஒரு வாரம் கழித்துச் சுகாசினியைக் கூப்பிட்டார்.

“அடுத்த மாசம் ராம்ப்ரஸாத் சார் மூலமா அனிமேஷனுக்குன்னே ஒரு புது சிஸ்டம் வருதும்மா. ஓட்டத் தெரிஞ்ச ஆளும் கூடவே வராரு. நீ பழையபடி கீழ ஓடற வரியப் பார்த்துக்க. வேலைக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது.”

“சரி சார்” என்றாள் சுகாசினி. அன்று மதியம் ஒரு கண்ணீர் அஞ்சலியில் இறந்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய மகன் பெயரை அடித்துவிட்டாள். சத்யராஜ் படி ஏறி ஓடிவந்து நிறுத்தினான். அதுவரை அவள் கையிலிருந்து அப்படி ஒரு தவறு போனதில்லை.

சங்கத்தின் படத்தில் உயிரான இடம் தொண்ணூறு நொடிதான். கோர்வைச் சேலை எப்படி நெய்யப்படுகிறது என்று காட்டும் இடம். சேலையின் உடல் ஒரு நிறம், இரண்டு கரைகளும் வேறு நிறம். மூன்றையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை. நெய்யும்போதே உடலின் நூலும் கரையின் நூலும் ஒன்றையொன்று கொக்கி போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இடக்கரைக்கு ஒரு நாடா, வலக்கரைக்கு ஒரு நாடா. நூலைச் சுமந்துகொண்டு தறிக்குள் ஓடும் இந்த மூன்றும் வரிசை தப்பாமல் வரவேண்டும். தறியில் இருவர் இருந்தால்தான் நடக்கும் காரியம். கேமராவுக்கு இது பிடிபடாது. நூல் மெல்லிசு; கை மறைக்கும். அதனால்தான் அந்தத் தொண்ணூறு நொடியை அனிமேஷனாகக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் சங்கக் கட்டடத்தில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். கோயில் கோபுரம், சாயம் காய்ச்சுகிற அண்டா, தறிச் சத்தம் எல்லாம் அருமை. அனிமேஷன் வந்தது. வெள்ளி போல மின்னும் ஒற்றை நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்தது. அது போன வழியெல்லாம் அரக்கு, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று மூன்று நிறமும் தானாகவே விழுந்தன.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஒரே நாடாவுல மூணு கலர் வருதாபா? எனக்கும் அதுல ஒண்ணு வாங்கிக் குடுங்கபா!”

கூடமே சிரித்தது. சங்கத் தலைவர் அப்பாதுரை மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வருடம் தறியில் இருந்தவர் அவர். கைத்தறித் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வரப்போகிறார்; வெளிமாநில வியாபாரிகள் வரப்போகிறார்கள். இதைக் காட்டினால், கோர்வை என்றால் ஏதோ சாயம் பூசுகிற வேலை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். திருத்தித் தர ஒரு மாதம் ஆகும் என்றார் ராம்ப்ரஸாத். பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை அப்பாதுரை மூச்சு வாங்க மூன்றாவது மாடி ஏறினார். ராஜகோபால் நாற்காலி போட்டார்.

“உங்ககிட்ட படம் அசைய வெக்கிறவங்க இருக்காங்களாமே?”

“இருக்குதுங்க... ஆனா இது அந்த மாதிரி இல்லீங்க. பர்த்டே, கடைத் திறப்பு இதுக்குப் போடறது” என்று ராஜகோபால் இழுத்தார்.

உள்ளறையிலிருந்து சுகாசினி வெளியே வந்தாள். “நான் பண்றேன் ஐயா.”

அப்பாதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பூ உதுர்ற மாதிரி இல்லம்மா இது. மூணு நாடா. ஒண்ணு மாறுனாலும் ஊரே சிரிக்கும்.”

“எனக்கு நெசவு தெரியாதுங்கய்யா. தறியாண்ட ஒரு நாள் உக்கார உட்டா போதும். எது முதல்ல, எது அப்பறம்னு தெரிஞ்சிக்கினா ஓட்டிடுவேன்.”

தெரியாது என்று அவள் சொன்ன விதம் அப்பாதுரைக்குப் பிடித்திருக்க வேண்டும். சங்கத்தில் நல்ல கை என்று பெயரெடுத்த பரமசிவத்தின் வீட்டுக்கு அன்றே அவளை அனுப்பிவைத்தார்.

நெசவுத் தெருக்களில் சுகாசினி ஆட்டோவில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. அவள் குடும்பத்தில் யாரும் வைத்ததில்லை. பரமசிவம் தறிக்குழிக்குள் காலை இறக்கி நெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி மங்கையர்க்கரசி தறியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். சுகாசினி நோட்டைப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே நின்றாள்.

“நான் எங்க உக்காரட்டும்கா?”

“எங்க உக்காந்தா நூல் தெரியுதோ அங்க உக்காரு” என்றாள் மங்கையர்க்கரசி, தலையைத் தூக்காமலே. பிறகு காலால் ஒரு மணையைத் தன் பக்கத்தில் தள்ளிவிட்டாள். “இங்க வா.”

காலை பதினொன்றிலிருந்து வெளிச்சம் இருக்கும்வரை சுகாசினி அங்கேயே இருந்தாள். முதல் இரண்டு மணி நேரம் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கைகள் பறந்தன, நாடாக்கள் பறந்தன, நூலை நெருக்கும் பலகை இடித்தது, அவ்வளவுதான். நோட்டில் வரைந்ததையெல்லாம் அடித்துவிட்டாள்.

“நாடாவப் பாக்காத” என்றாள் மங்கையர்க்கரசி. “நூலப் பாரு. அவரு இடக்கரை நாடாவ உடறாரு. கரை முடியற எடத்துல அது வந்து நிக்குதா? உடல் நாடா அதுல மாட்டிக்கினு இந்தாண்ட வருது. வந்து எனக்காகக் காத்துக்கினு இருக்குது. நான் என் நூல அதுல மாட்டி என் நாடாவ உடுவேன். ரெண்டும் கை கோத்துக்கினாத்தான் கோர்வை. இல்லன்னா துணி ரெண்டாக் கிழிஞ்சிடும்.”

சுகாசினியின் முகம் மலர்ந்தது. “அப்ப எதுவுமே ஒண்ணா வரதில்லையாக்கா? ஒண்ணு முடிஞ்சப்பறந்தான் அடுத்தது?”

“பின்ன?”

“அய்யோ அக்கா, இது எனக்குத் தெரியும்!” என்று அவள் கத்திய கத்தலில் பரமசிவம் மிதிப்பதை நிறுத்திவிட்டார். அவள் தினமும் மவுஸால் செய்துகொண்டிருந்ததை இவர்கள் பட்டில் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்று முடிய அடுத்தது. அதற்கு நடுவில் ஒரு தாமதம். அந்தத் தாமதங்களைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சத்யராஜிடமிருந்து இரவல் வாங்கிய கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாடாவுக்கும் நொடி குறித்தாள்.

வேலை தொடங்கியது. நாடா என்பது இரண்டு முனையும் கூர்மையான ஒரு பழுப்பு வடிவம். அதற்கு ஒரு பாதை போட்டால் ஓடும். நாடாவின் பின்னாலேயே நூல் கோடு நீண்டு வரவேண்டும், அதுவும் சுலபம்தான். சிக்கல், நூலோடு நூல் கொக்கி போடும் இடத்தில். ஒரு நூல் இன்னொன்றின் மேலே போய்ப் பிறகு கீழே நுழைய வேண்டும். தட்டையான திரையில் மேலென்ன, கீழென்ன? ஒரு முழு நாள் மல்லுக்கட்டினாள். இரண்டாம் நாள் டிபன் டப்பாவைத் திறந்தபோது, அம்மா கட்டிக் கொடுத்த இடியாப்பத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஓர் இழை மேலே போகிறது, மறைகிறது, அந்தப் பக்கம் வருகிறது. மறைகிற துண்டு நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை! கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். நூல் கோட்டை மூன்றாக வெட்டினாள். நடுத்துண்டை மற்ற நூலுக்குப் பின்னால் அனுப்பினாள். மூன்று துண்டுகளும் அடுத்தடுத்து வர, திரையில் ஒரு நூல் இன்னொரு நூலைச் சுற்றி வளைத்துப் பிடித்தது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. முப்பது வரிசை நூல், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு அசைவு. ஏழாவது வரிசையில் திரை உறைந்து நின்றுவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி உறைந்தது. சுகாசினி அதைத் திட்டவில்லை. வேலையைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது அச்சு அசலாக அதே படத்தில் தொடங்கும்படி வைத்தாள். நாலு வரிசைக்குப் பிறகு வேகத்தைக் கூட்டினாள். கடைசியில் சேலை முழுவதும் கீழிருந்து மேலே வளர்ந்து முந்தானை வரை ஏறும்.

ஆறாம் நாள் பரமசிவமும் மங்கையர்க்கரசியும் மாடி ஏறி வந்தார்கள். அவர்கள் திருத்தம் சொல்ல வசதியாக, தானாக ஓடாமல் ஒவ்வொரு தட்டலுக்கும் ஓர் அசைவு மட்டும் வரும்படி சுகாசினி தனியாக ஒரு பிரதி செய்து வைத்திருந்தாள். தட்டித் தட்டிக் காட்டினாள். பரமசிவம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மங்கையர்க்கரசி ஓரிடத்தில் கையை நீட்டினாள்.

“என் நாடா அவ்ளோ சீக்கிரம் வராதும்மா. நூலப் புடிச்சி மாட்டிட்டுத்தான உடணும்?”

சுகாசினி கொஞ்சம் தாமதம் கூட்டினாள். ஓட்டினாள்.

“இன்னும் ஒரு பொட்டு.”

இன்னும் ஒரு பொட்டு கூட்டினாள். மங்கையர்க்கரசி திரையைப் பார்த்துக்கொண்டே, “ஆங்” என்றாள்.

வீடியோ டேப்பில் பதிவு செய்து பார்த்தால் இரண்டு கோளாறு. சேலைக்கு நடுவில் மவுஸின் வெள்ளை அம்பு கொசு மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை மறைக்கும் விசையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாவதற்கு வழியில்லை: டேப்பில் அரக்கு நிறம் கசிந்து மஞ்சளுக்குள் இறங்கியது. கரையும் உடலும் சேரும் கோடே கலங்கிப் போனால் கோர்வை எங்கே தெரியும்?

“அப்ப டேப்பு வேணாம். கம்ப்யூட்டரையே எடுத்துக்கினு போயி புரொஜெக்டர்ல மாட்டிடலாம்” என்றாள்.

ராஜகோபாலுக்கு வியர்த்தது. “அங்க வந்து மக்கர் பண்ணா?”

“பண்ணாது சார். அதுக்கு என்னிய நல்லாத் தெரியும்.”

விழா அன்று காலை, போர்வை சுற்றிய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்பாவின் ஆட்டோவில் ஏறினாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் வீராசாமி வண்டியை நிறுத்தி, இறங்கப் போகிறவர் போல மெல்ல ஏற்றி இறக்கினார். பின்னால் வந்த மினி பஸ் ஹார்ன் அடித்துத் தீர்த்தது. “போய்க்கினே இரு, உள்ள புள்ள இருக்குது!” என்று அவரும் கத்திக்கொண்டே வந்தார்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. சிறந்த நெசவாளர்கள் என்று பதினாறு பேருக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள். பதினாறு பேரும் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்கும் ஆண்கள். பிறகு ஜன்னல்களைச் சாத்தி, ஒற்றை நாடா வரும் இடத்தை நீக்கிய ராம்ப்ரஸாத்தின் படத்தை ஓட்டினார்கள். கோபுரம், சாய அண்டா, தறிச் சத்தம். அது முடிந்ததும் சத்யராஜ் புரொஜெக்டரின் ஒயரை மாற்றிச் செருகினான். திரை ஒரு கணம் நீலமாகி, பிறகு நீளவாக்கில் கட்டிய வெறும் பாவு நூல்கள் மட்டும் தெரிந்தன.

இடக்கரை நாடா வந்தது. நின்றது. உடல் நாடா அதன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடியது. நின்றது. ஒரு சின்னக் காத்திருப்பு. வலக்கரையிலிருந்து மூன்றாவது நாடா புறப்பட்டது. நூல்கள் கோத்துக்கொண்டன. பலகை இடித்தது. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. வேகம் கூடியது. அரக்குக் கரையும் மஞ்சள் உடலும் சேர்ந்து வளர்ந்து ஏறி, முந்தானையில் போய் நின்றன.

யாரும் கைதட்டவில்லை. சுகாசினி தாமதங்களை வாய்க்குள் மறுபடி எண்ணிப் பார்த்தாள். எது தப்பாகிவிட்டது?

முன்வரிசையிலிருந்து அந்த அதிகாரி அம்மா கையைத் தூக்கினார். “ஒரு நிமிஷம். அந்த ரெண்டு நூலும் சேர்ற இடம் கண்ணுல படறதுக்குள்ள போயிடுது. நிறுத்திக் காட்ட முடியுமா?”

அப்பாதுரை ராம்ப்ரஸாத்தைப் பார்த்தார். “ஓடற படத்த அப்படி இடையில நிறுத்தி நிறுத்திக் காட்றது கஷ்டம் மேடம்” என்றார் ராம்ப்ரஸாத்.

“நான் காட்றேன் மேடம்” என்றது மேடையோரம் ஒரு குரல். சுகாசினி, தட்டலுக்கு ஓர் அசைவாக வரும் அந்தப் பிரதியைத் திறந்தாள். வெறும் பாவு. விசையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்தக் காத்திருப்பு நெசவாளர்களுக்குப் பொறுக்கவில்லை. “இடக்கரை நாடா!” என்று ஒருவர் குரல் கொடுத்தார். தட்டினாள். நாடா ஓடி நின்றது. “உடல்!” என்றார்கள் நாலைந்து பேர். தட்டினாள். “கோத்துக்கினுச்சு பார், கோத்துக்கினுச்சு!” என்று ஒருவர் எழுந்தே விட்டார். உடல் நாடா வலப்பக்கம் போய் நின்றது. அடுத்த நாடா தங்கள் கையில் ஓடுவதில்லை என்பதால் ஆண்கள் பக்கம் ஒரு கணம் தடுமாறியது.

“இப்ப என்னுது!” பெண்கள் வரிசையிலிருந்து மங்கையர்க்கரசியின் குரல் கணீரென்று வந்தது. “வலக்கரை என் நாடா!”

சுகாசினி தட்டினாள். நாடா புறப்பட்டது.

அதன் பிறகு மண்டபத்தைப் பிடிக்க முடியவில்லை. பெண்கள் வரிசையில் பாதிப்பேருக்குத் தறியின் வலப்பக்கம்தான் இடம். அடுத்த சுற்றில் அந்த நாடாவின் முறை வந்தபோது இருபது குரல்கள் எழுந்தன: “என்னுது!” அதற்கடுத்த சுற்றில் ஐம்பது. அதிகாரி அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரையையும் அந்தப் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ ஒவ்வொரு சேலைக்கும் ரெண்டு பேர்” என்று பக்கத்தில் இருந்த அப்பாதுரையிடம் சொன்னார். “விருது மட்டும் ஒருத்தருக்கா?” அப்பாதுரை மேடையில் மிச்சமிருந்த சால்வைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லி ஆளை அனுப்பினார்.

எட்டு வரிசை நெய்து முடித்ததும் விழுந்த கைதட்டல் ஓயவே நேரம் பிடித்தது. மண்டபத்தின் பின்கதவருகே நின்றிருந்த வீராசாமி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

ராம்ப்ரஸாத் மேடையோரம் வந்தார். “நூல் மேல போயி உள்ள நுழையுதே, அது எதுல பண்ணீங்க? வேற சாஃப்ட்வேர் ஏதாவது?” அவர் பேச்சில் ‘நீ’ போய் ‘நீங்க’ வந்திருந்தது.

“அதே மீட்டிங் சாஃப்ட்வேர்தான் சார். கோட்ட மூணா வெட்டி நடுவுல இருக்கறதப் பின்னாடி அனுப்பிட்டேன்.”

அவர் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு மனம்விட்டுச் சிரித்தார். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. தன் விசிட்டிங் கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

பின்னாலேயே ராஜகோபால் வந்தார். யாரையோ கூப்பிடுவது போலத் தொண்டையைக் கனைத்தார். “சுகாசினி, அந்தப் புது ஆளு வேணாம்னு சொல்லிடலாம்னு பார்க்கறேன். சிஸ்டமும் கேன்சல்.”

“சிஸ்டம் வரட்டும் சார்” என்றாள் சுகாசினி, கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே. “ஓட்டுறதுக்கு ஆள் இருக்குது.”

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்தது. சத்யராஜ் ஒயர்களைச் சுருட்டக் குனிந்தான். தோளில் புதுச் சால்வையுடன் மங்கையர்க்கரசி மேடைப்படி ஏறி வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். திரையில் இன்னும் கடைசி வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

“நான் ஒரு தபா உடட்டாம்மா?”

“என்னத்தக்கா?”

“என் நாடாவ.”

சத்யராஜ் ஒயரைக் கீழே வைத்தான். சுகாசினி விசைகளைத் தட்டி, உடல் நாடா வலப்பக்கம் வந்து காத்திருக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினாள். மங்கையர்க்கரசி உள்ளங்கையை முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். சுகாசினி எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்து நின்றாள்.